நாற்றங்காலில் நெல் தேடலாமா?

உலகத்தில் பொறுமைசாலிகள் என்று பெயர் எடுத்தவர்கள் பல ரகம். பாகப்பிரிவினை வழக்குப் போட்டுவிட்டுத் தீர்ப்பு நாளை எதிர்பார்த்திருப்பவர்கள் ஒரு ரகம். பெண் பார்த்துவிட்டுப் போன பிள்ளை வீட்டாரின் கடிதத்துக்குக் காத்திருப்பவர்கள் இன்னொரு ரகம். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் தேதியை எண்ணிக்கொண்டு, காய்ந்த வயலைப் பார்த்து நிற்கும் தஞ்சாவூர்க் குடியானவர்கள் மூன்றாவது ரகம். இவர்கள் எல்லோரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, இந்திய ஹாக்கி அபிமானி ஒருவனை மறு தட்டில் உட்கார வைத்தால், அவனுடைய தட்டுத்தான் கீழே இறங்கும் என்று நாம் துணிந்து சொல்வோம். அதிலும் அவன் இளைஞர் கோஷ்டியின் அபிமானியாக இருந்துவிட்டாலோ, தராசே முறிந்து போகும்!

இப்படிச் சொல்ல நமக்கு யோக்கியதை உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு என்றுதான் 2025-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 7-ஆம் தேதி சாயங்காலம் வரையில் நாமும் எண்ணியிருந்தோம். அன்றிரவு எழும்பூர் மைதானத்தில் நமது பொறுமையின் லட்சணம் வெட்டவெளிச்சமாயிற்று. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நமது தகப்பனார் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில், சுதந்திரம் பெற்ற மறு வருஷமே, நம் ஹாக்கி கோஷ்டி பிரிட்டிஷ் கோஷ்டியை அவர்களுடைய ஊரிலேயே 4 கோலுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தபோது அவருக்கு வயது 14. அன்று பிடித்த ஹாக்கிப் பித்து அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை. 1980-ல் மாஸ்கோவில், சென்னைவாசியான வி. பாஸ்கரனின் தலைமையில் நம்மவர்கள் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றபோது நமக்கு வயது 14. ரேடியோப் பெட்டிக்கு முன்னால் தகப்பனாரும் நாமும் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் ஏதோ விபரீதம் என்று ஓடி வந்துவிட்டார்! அதற்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் நமக்குப் பதக்கம் என்பதே இல்லாமல் போயிற்று. 1984, 1988, 1992, 1996 என்று வருஷங்கள்தான் வந்தன, பதக்கம் வரவில்லை.

1997-ல் இங்கிலாந்தில் நடந்த இளைஞர் உலகக் கோப்பைப் பந்தயத்தில் நம் பிள்ளைகள் இறுதி ஆட்டம் வரை சென்று ஆஸ்திரேலியாவிடம் தோற்றார்கள். அந்த வாரம் தகப்பனார் கடைக்குப் போய் நீளவாட்டில் கட்டிய கணக்கு நோட்டு ஒன்று வாங்கி வந்தார். முதல் பக்கத்தில் வருஷம், ஊர், கிடைத்த ஸ்தானம். அதன் கீழே பிள்ளைகளின் பெயர்கள். வலப்பக்கம் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் காலி இடம். "அந்தக் காலி இடம் எதற்கு?" என்று கேட்டோம்.

"இந்தப் பிள்ளைகளில் எவனாவது பெரியவனாகி ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கினால் அங்கே ஒரு குறி போடுவேன்" என்றார்.

"அதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ?"

"ஆகட்டுமே! மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்துத்தான் வலிக்கும். நாற்றங்காலைக் கொஞ்சம் குனிந்து பார்ப்போம்" என்றார்.

2001-ல் ஆஸ்திரேலியாவிலுள்ள ஹோபார்ட் நகரில் நம் பிள்ளைகள் அர்ஜென்டீனாவை 6-1 என்று முறியடித்து உலகக் கோப்பையைக் கொண்டு வந்தார்கள். காப்டன் ககன் அஜீத் சிங் பெயரைத் தகப்பனார் கொட்டை எழுத்தில் எழுதினார். இனிமேல் நமக்கு நல்ல காலந்தான் என்று நினைத்தோம். நடந்தது என்ன? அந்தப் பிள்ளைகள் எல்லோரும் 21 வயதைத் தாண்டினார்கள். இளைஞர் கோஷ்டியை விட்டு வெளியேறினார்கள். 2005-ல் புதிதாகச் சேர்த்த கோஷ்டி நாலாவது ஸ்தானத்தில் நின்றது. 2008-ல் பெரியவர்களின் கோஷ்டி பீஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை. எண்பது வருஷத்தில் அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. 2009-ல் இளைஞர் கோஷ்டி ஒன்பதாவது. 2013-ல், நம்முடைய சொந்தத் தலைநகரான புது டில்லியில், பத்தாவது!

அந்தப் பத்தாவது ஸ்தானம் நம்மால் பொறுக்க முடியாததாயிருந்தது. அதற்கு முந்தின வருஷந்தான் லண்டன் ஒலிம்பிக்கில் நமது கோஷ்டி ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோற்று, பன்னிரண்டு தேசங்களில் பன்னிரண்டாவதாக வந்திருந்தது. லண்டனில் ஆடிய மன்பிரீத் சிங் என்னும் வாலிபன்தான் டில்லியில் இளைஞர் கோஷ்டிக்குக் காப்டன். "கடைசி ஸ்தானத்தில் பாடம் படித்து வந்தவனைத் தலைவனாக்கினால் பத்தாவதுதான் வரும்" என்று நாம் வீட்டில் உரக்கச் சொன்னோம். தகப்பனார் பதில் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "2013, புது டில்லி, 10" என்று எழுதி, முதல் பெயராக "மன்பிரீத் சிங்" என்று எழுதினார். ஹோபார்ட் கோஷ்டிக்கு எந்த அளவு கொட்டை எழுத்தோ, அதே அளவு கொட்டை எழுத்து.

2016 டிசம்பர் 18-ஆம் தேதி. லட்சுமணபுரி என்று பெரியவர்கள் சொல்லும் லக்னோ நகரில் இறுதி ஆட்டம். தகப்பனாருக்கு அப்போது 82 வயது. சாய்வு நாற்காலியில் போர்வையைப் போர்த்துக்கொண்டு டெலிவிஷனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். குர்ஜந்த் சிங் ஒரு கோல், சிம்ரன்ஜீத் சிங் ஒரு கோல். பெல்ஜியம் தோற்றது 2-1 என்று. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு கோப்பை! நாம் குதித்தோம். தகப்பனார் மட்டும், "நோட்டை எடு" என்றார். பெயர்களையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் ஒரு தடவை புரட்டினார். சிவப்புக் கோட்டுக்கு அப்பால் எந்தப் பக்கத்திலும் ஒரு குறிகூட இல்லை. "இந்தப் பக்கத்தை மட்டும் மறந்துவிடாதே" என்று சொல்லி நோட்டை நம் கையில் கொடுத்தார். 2018-ல் அவர் காலமானார்.

2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி டோக்கியோவில் நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 வருஷத்துக்குப் பிறகு, நம்மவர்கள் ஒலிம்பிக் ஹாக்கியில் வெண்கலப் பதக்கம் பெற்றார்கள். அந்த ஐந்து கோல்களில் இரண்டைப் போட்டவர் லக்னோவில் கோல் போட்ட அதே சிம்ரன்ஜீத் சிங். நாம் பரணிலிருந்து நோட்டை இறக்கினோம். லக்னோப் பக்கத்தில் ஹர்மன்பிரீத் சிங், வருண் குமார், நீலகண்ட சர்மா, சுமித், மந்தீப் சிங், சிம்ரன்ஜீத் சிங், குர்ஜந்த் சிங் என்று ஏழு பெயர்களுக்கு எதிரே குறி போட்டோம். பிறகு ஒரு பக்கம் பின்னால் திருப்பினோம். 2013, பத்தாவது ஸ்தானம், முதல் பெயர் மன்பிரீத் சிங். டோக்கியோவில் பதக்கம் பெற்ற கோஷ்டியின் காப்டன் அவரேதான்! அந்தப் பெயருக்கு எதிரே குறி போடும்போது நமக்குக் கை நடுங்கிற்று. குறி போட வேண்டியவர் இல்லை. ஏளனம் செய்த நாம் இருந்தோம்.

இத்தனையும் கண்ணாரக் கண்ட பின்பு ஒரு மனிதனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும் அல்லவா? நமக்கு வரவில்லை.

அதே 2021-ஆம் வருஷக் கடைசியில் புவனேசுவரத்தில் இளைஞர் உலகக் கோப்பை; அரை இறுதியில் ஜெர்மனியிடம் தோல்வி; முடிவில் நாலாவது ஸ்தானம். 2023-ல் கோலாலம்பூரில் மறுபடியும் அரை இறுதி, மறுபடியும் ஜெர்மனி, மறுபடியும் நாலாவது. 2025-ல் பந்தயம் நம்முடைய சென்னைக்கும் மதுரைக்குமே வந்து சேர்ந்தது. இருபத்துநாலு தேசங்களின் பிள்ளைகள்! நம் கோஷ்டிக்குப் பயிற்சி அளித்தவரோ டோக்கியோவிலும் 2024-ல் பாரிஸிலும் கோலைக் காத்து வெண்கலம் வாங்கித் தந்த ஸ்ரீஜேஷ். முதல் மூன்று ஆட்டங்களில் நம் பிள்ளைகள் 29 கோல் போட்டார்கள்; எதிரிகளுக்கு ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை. கால் இறுதியில் பெல்ஜியத்துடன் 2-2 என்று சமமாகி, ஷூட்-அவுட்டில் 4-3 என்று வென்றார்கள். நாம் நமது புதல்வியை அழைத்துக்கொண்டு, 7-ஆம் தேதி இரவு, மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் போய் உட்கார்ந்தோம். எதிரே மறுபடியும் ஜெர்மனி! அதற்கு முன் ஏழு முறை கோப்பையைக் கொண்டு போனவர்கள். ஐந்து கோல் போட்டார்கள். நமக்குக் கிடைத்தது ஒன்று.

ஆட்டம் முடிந்து பிள்ளைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நமது வரிசைக்குக் கீழே நடந்து போனபோது, நாம் எழுந்து நின்று சில வார்த்தைகளை உரக்கச் சொன்னோம். அவை இன்னவென்று இங்கே எழுத மாட்டோம். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். ஆனால் வசவு எந்தப் பாஷையில் இருந்தாலும் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டான்.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது பாதி வழி வரை புதல்வி பேசவில்லை. அவளுக்கு வயது 15. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்பா, அந்த அண்ணனுக்கு என்ன வயது இருக்கும்?"

"பத்தொன்பது, இருபது இருக்கும்."

"நம் அண்ணன் வயதுதானே? அண்ணன் போன பரீட்சையில் மூன்று பாடத்தில் தவறியபோது, 'போகட்டும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்' என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

பதில் சொல்லத் தோன்றவில்லை. ஆனாலும் வீம்பு போகவில்லை. "இந்த வருஷம் நோட்டில் பக்கம் எழுதப் போவதில்லை" என்று மட்டும் சொன்னோம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. தூக்கம் வராத இரவில் மனிதனுக்குச் சில நல்ல எண்ணங்கள் தோன்றுவதுண்டு. பெரியவர்களின் கோஷ்டி ஒரு வீடு மாதிரி. ஒரு தூண் பழுதானால் அந்தத் தூணை மட்டும் மாற்றலாம். பத்து வருஷம் ஆடிய அனுபவசாலி பக்கத்தில் நின்று புதியவனைத் தாங்கிக்கொள்வான். இளைஞர் கோஷ்டியோ நாற்றங்கால். இருபத்தொரு வயது என்ற வரம்பு அதற்கு உண்டு. நாற்று நன்றாக வளர்ந்ததும் பறித்து வேறிடத்தில் நட்டுவிடுவார்கள், அதற்காகத்தானே நாற்றங்கால்! மறுபடியும் விதை தெளித்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆகையால் அதைப் புதிதாகக் கட்டி முடித்தாகிவிட்டது என்று சொல்லக்கூடிய நாள் ஒருபோதும் வராது. ஜெயித்த கோஷ்டியும் கலையும். தோற்ற கோஷ்டியும் கலையும். நாற்றங்காலில் இறங்கி நெல்மணி தேடுகிறவனுக்கு ஏமாற்றந்தான் கிடைக்கும். அது நாற்றின் குற்றமன்று.

எல்லா நாற்றும் கதிர் விடுவதுமில்லை. லக்னோவில் கோப்பையைத் தூக்கிய காப்டன் ஹர்ஜீத் சிங், லாரி ஓட்டுநரின் புதல்வர். அவருடைய கதையை வைத்துச் சினிமாப் படமே எடுத்தார்கள். ஆனால் டோக்கியோவுக்குப் போன கோஷ்டியில் அவர் இல்லை. நமது நோட்டில் அவர் பெயருக்கு எதிரே குறி இல்லை. பத்தாவதாக வந்த கோஷ்டியின் காப்டன் பதக்கம் பெற்றார். கோப்பை வென்ற கோஷ்டியின் காப்டன் பெறவில்லை. எந்த நாற்று எப்படி வளரும் என்பதை அந்த வயதில் யாரால் சொல்ல முடியும்?

அப்படியானால், எது நடந்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டால், கூடாது என்றே சொல்வோம். பொறுமை வேறு, அலட்சியம் வேறு. நாற்றிடம் பொறுமை வேண்டும். தண்ணீர் பாய்ச்ச வேண்டியவனிடம் பொறுமை கூடாது. 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல் தரைக்குப் பதிலாகச் செயற்கைத் தரையைக் கொண்டு வந்தார்கள். ஆட்டத்தின் வேகமே மாறிப்போயிற்று. நம் பிள்ளைகளோ அதற்குப் பிறகும் நெடுங்காலம் மண்ணிலும் கட்டாந்தரையிலும் பழகிவிட்டு, போட்டிக்குப் போகும்போது அந்நியத் தரையில் தடுமாறினார்கள். அதற்குப் பதினெட்டு வயதுப் பிள்ளையா ஜவாப்தாரி? 2018 முதல் ஒரிஸ்ஸா ராஜ்யம் தேசத்தின் ஹாக்கி கோஷ்டிகளைத் தாங்கிப் பிடித்ததும், டோக்கியோவில் பதக்கம் வந்ததும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விஷயங்கள் அல்ல. நம் பக்கத்திலும், ஹாக்கி ஊர் என்று பெயர் பெற்ற கோவில்பட்டியில் செயற்கைத் தரையும் மாணவர் விடுதியும் ஏற்பட்ட பிறகுதான், கோவில்பட்டி மாரீசுவரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆட முடிந்தது. ஆகவே, மைதானம் எங்கே, பயிற்சியாளர் எங்கே, பிள்ளைகளின் சாப்பாடு எப்படி என்று அதிகாரத்தில் உள்ளவர்களை ஆயிரம் கேள்வி கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நாம் அன்றைக்குச் செய்தது அதுவல்ல. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் முப்பது வருஷம் மௌனமாயிருந்துவிட்டு, தலை குனிந்து போன ஒரு பிள்ளையிடம் வீரத்தைக் காட்டினோம்.

10-ஆம் தேதி மூன்றாவது ஸ்தானத்துக்கான ஆட்டம். "வேலை இருக்கிறது" என்று சொல்லிப் பார்த்தோம். புதல்வி செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். போனோம். அர்ஜென்டீனா ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டது. மூன்றாவது பாகம் முடிகிற தறுவாயில் இன்னொன்று. பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு எழுந்தார். நமக்கும் நாக்கு துறுதுறுத்தது. புதல்வி திரும்பிப் பார்த்தாள். அடக்கிக்கொண்டோம்.

கடைசிக் கால் பாகம். முதலில் அங்கித் பால் ஒரு கோல் போட்டார். மூன்றே நிமிஷத்தில் மன்மீத் சிங் இன்னொன்று போட்டுச் சமமாக்கினார். ரயிலைப் பிடிக்கப் புறப்பட்டவர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். பிறகு சாரதானந்த் திவாரி. அவருக்குப் பின் அன்மோல் எக்கா. நாலு கோல்! 4-2 என்று வெற்றி. மைதானமே அதிர்ந்தது. உள்ளபடி பார்த்தால் இது வெண்கலந்தான். கோப்பை அன்றிரவு ஜெர்மனிக்கே போயிற்று. இந்த ஜயத்தால் நமது கட்சி நிரூபணமாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டோம். அன்று அவர்கள் தோற்றிருந்தாலும் 7-ஆம் தேதி நாம் பேசிய பேச்சு தப்புத்தான். ஜெயித்ததனால் அந்தத் தப்பை ஒப்புக்கொள்வது கொஞ்சம் சுலபமாயிற்று, அவ்வளவே.

பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி வந்து ஜனங்களுக்குக் கை அசைத்தார்கள். நமது வரிசைக்குக் கீழே வந்தபோது நாமும் எழுந்து கை தட்டினோம். 7-ஆம் தேதி நிமிர்ந்து பார்த்த பிள்ளை எவன் என்று தேடினோம், அடையாளம் தெரியவில்லை. எல்லோருக்குமாகச் சேர்த்துத் தட்டினோம்.

வீட்டுக்கு வந்ததும் புதல்வி பரணிலிருந்து நோட்டை எடுத்து வந்தாள். நம்மிடம் கொடுக்கவில்லை, தானே மேஜை முன் உட்கார்ந்தாள். "2025, சென்னை - மதுரை, 3" என்று எழுதி, காப்டன் ரோஹித் பெயரில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக எழுதினாள். நடுவில், "அப்பா, சாரதானந்த் திவாரியின் பெயர் 2021 பக்கத்திலேயே இருக்கிறதே!" என்றாள். பார்த்தோம், இருந்தது. நம்முடைய கையெழுத்துத்தான். நாலாவது ஸ்தானம் வந்த ஆத்திரத்தில் கிறுக்கலாக எழுதியிருந்தோம். பள்ளிக்கூடப் பிள்ளையின் வயதில் அன்று ஆட வந்தவர், வரம்பு வயது முடிகிற சமயத்தில் நம் கண் முன்னால் கோல் போட்டுவிட்டுப் போகிறார்.

எழுதி முடித்து, அளவுகோலை வைத்துச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டாள்.

"தாத்தா இந்த இடத்தை எவ்வளவு அகலம் விடுவார்?" என்று கேட்டாள்.

"ஓர் அங்குலம்" என்றோம்.

ஓர் அங்குலம் விட்டாள். மை காய்வதற்காக நோட்டை மூடாமல் மேஜைமேல் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.